கோட்டுக்குப் போகுமுன் தெரிந்துகொள்வோம்



நலன்புரி அலுவலகத்துக்கு எம்மைத் தேடி வருகிறவர்களில் பலர் கையில் ஒரு கடதாசியோடுதான் வருகிறார்கள். "ஐயா, இது சிங்களத்துல இருக்கு, என்னான்னு கொஞ்சம் பாருங்க" என்பார்கள். பார்த்தால் அது ஆறு மாதத்துக்கு முன் வந்த கடிதமாக இருக்கும். இவ்வளவு நாளும் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பார்கள்.

அண்மையில் கணவனை இழந்த ஒரு தாய் வந்தார். அவருடைய கணவர் முப்பது வருசத்துக்கு மேல் தோட்டத்தில் வேலை செய்தவர். ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை, அதுதான் நாம் ஈ.பீ.எப். என்று சொல்வதை, எடுக்கப் போனபோது மூன்று சிக்கல்கள் வந்தன. பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் பின்னுரித்தாளியாகத் தன் தாயின் பெயரைக் கொடுத்திருந்தார். அந்தத் தாய் காலமாகிப் பல வருசம். பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது, ஈ.பீ.எப். பதிவில் இருந்தது வீட்டில் கூப்பிடும் பெயர், அடையாள அட்டையில் இருந்தது வேறு பெயர். மூன்றாவது, கோயிலில் தாலி கட்டிய கலியாணம், பதிவு செய்யவில்லை.

இதற்கிடையில் டவுனில் ஒரு தரகர், "ஒரே மாசத்துல காச எடுத்துத் தாறேன்" என்று சொல்லிப் பதினைந்தாயிரம் ரூபா வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தை அந்த அம்மா வட்டிக்கு எடுத்திருந்தார். தரகர் ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் நாம் கிராம உத்தியோகத்தரிடமும், தொழில் திணைக்களத்திலும், சட்ட உதவி ஆணைக்குழுவிலும் ஏறி இறங்கி, பணம் கைக்கு வர ஒன்றரை வருசம் ஆகியது. கணவர் உயிரோடு இருக்கும்போது இரண்டு நாள் பேரை விட்டுவிட்டுப் போயிருந்தால் மூன்று சிக்கலும் தீர்ந்திருக்கும்.

ஆகவேதான் அடிக்கடி நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதுகிறோம். எதற்குச் சட்டத்தரணி தேவை, எதற்குத் தேவையில்லை என்று தெரிந்தால் வீண் செலவும் குறையும், பிந்திப் போவதும் குறையும். எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இதை வாசித்துக் காட்டுங்கள்.

பெயரும் பத்திரமும்

கேள்வி: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொரு பெயர். இதற்குக் கோட்டுக்குப் போக வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. ஒரே ஆள்தான் இரண்டு பெயருக்கும் உரியவர் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு கொடுத்தால் பல அலுவலகங்களில் அது போதும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பிழையைத் திருத்துவதற்குப் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் விண்ணப்பிக்கலாம். பிறப்புப் பதிவே இல்லாத பெரியவர்கள், பதிவைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறலாம்.

பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். "பேரு வைக்க நல்ல நாள் பாக்குறோம்" என்று தள்ளிப் போடாதீர்கள். மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு என்று வேறு முறைக்குப் போக வேண்டும். அது அலைச்சல். பதிவு நடக்கும்போது பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் சரிபாருங்கள். இலட்சுமியா, லெட்சுமியா என்ற ஓர் எழுத்துக்காக ஐம்பது வருசம் கழித்து அலைந்தவர்கள் நம் தோட்டத்திலேயே இருக்கிறார்கள்.

பிரஜாவுரிமை பற்றியும் இன்னும் சில பெரியவர்கள் பயத்தோடு கேட்கிறார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் மக்கள் நாடற்றவர்களானது உண்மை. ஆனால் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததியினருக்கும் 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கிவிட்டது. பழைய கடதாசிகளை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும்

கேள்வி: நமக்கு வரவேண்டிய பணம் என்னென்ன?

ஈ.பீ.எப்.புக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள், தோட்ட நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் மட்டும் 3 வீதம் போட வேண்டும். அதற்கு உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்ட முடியாது. வேலையை விட்டவர்களில் ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் ஈ.பீ.எப். பணத்தை எடுக்கலாம். சம்பளச் சீட்டை அடுப்பு மூட்டப் பயன்படுத்தாமல் சேர்த்து வையுங்கள். உங்களிடம் பிடித்த பணம் நிதிக்குப் போகவில்லை என்று சந்தேகம் வந்தால் அந்தச் சீட்டுத்தான் சாட்சி. முறைப்பாட்டைத் தொழில் அலுவலகத்தில் நேரடியாகவே கொடுக்கலாம், சட்டத்தரணி தேவையில்லை. காலதாமதமாகப் பணம் கட்டும் நிர்வாகம் மேலதிகக் கட்டணமும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

சேவைக்காலப் பணம், அதாவது பணிக்கொடை, இதற்கு வேறானது. 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருசம் முழுதாக வேலை செய்தவருக்கு வேலை முடியும்போது அது கிடைக்க வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு முடிந்த ஒவ்வொரு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம். கணக்கு சுலபமாக இருக்கக் கடைசி நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 14 நாளுக்கு 14,000. இருபது வருசம் வேலை செய்தவருக்கு 280,000 ரூபா. வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இதற்கும் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். தொழிலாளி இறந்துபோனால் இந்தப் பணம் குடும்பத்துக்கு உரியது.

இன்றே செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. தோட்டக் கந்தோரில் பெரிய கிளாக்கர் ஐயாவைக் கேட்டு, உங்கள் பின்னுரித்தாளி யார் என்று பாருங்கள். கலியாணத்துக்கு முன் கொடுத்த பெயரா, காலமானவரின் பெயரா, அப்படியென்றால் புதிய படிவம் நிரப்புங்கள்.

வேலையும் விபத்தும்

கேள்வி: வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில், நீங்களாகவே விலகியது போல எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெருவிரல் அடையாளமும் கையெழுத்துத்தான். குற்றப்பத்திரம் தந்திருந்தால் அதில் குறித்த நாளுக்குள் பதில் எழுத வேண்டும். உங்கள் சங்கத் தலைவரிடம் உடனே சொல்லுங்கள்.

தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாத காலம்தான் இருக்கிறது. வேலை நின்ற நாளிலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. "சங்கம் பேசிக்கிட்டு இருக்கு, தொரையும் பாப்போம்னு சொன்னாரு" என்று காத்திருந்து ஏழாவது மாதம் வந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். பேச்சுவார்த்தை நடக்கட்டும், அதோடு விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள். தொழில் நியாய சபையில் சங்கப் பிரதிநிதியும் உங்களுக்காகப் பேசலாம், சட்டத்தரணியும் பேசலாம்.

கேள்வி: கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் இருந்தேன். நட்டஈடு உண்டா?

வேலையின்போது வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கு 1934ஆம் ஆண்டிலிருந்தே தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. குளவிக் கொட்டு, மரம் விழுதல், தொழிற்சாலை மெசினில் கை மாட்டுதல் எல்லாவற்றையும் அன்றைக்கே கணக்கப்பிள்ளைக்கும் கந்தோருக்கும் அறிவித்துப் பதியச் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் "வேலை செய்யும்போது நடந்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "வீட்டுல விழுந்துட்டேன்" என்று யார் சொல்லச் சொன்னாலும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வரி பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும். நிரந்தரமாக அங்கம் பாதிக்கப்பட்டாலோ, உயிர் போனாலோ, கட்டாயம் ஒரு சட்டத்தரணியின் ஆலோசனையைப் பெறுங்கள்.

கேள்வி: பிள்ளையைக் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பலாமா?

16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது குற்றம். 2021இல் இந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. தரகர் முன்பணம் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கனவே போன பிள்ளையோடு பேச விடாமல் வைத்திருந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

குடும்பம்

கேள்வி: கோயிலில் தாலி கட்டினால் போதாதா? பதிவு எதற்கு?

முறைப்படி நடந்த கலியாணம் பதிவு இல்லை என்பதற்காக மட்டும் செல்லாமல் போவதில்லை. ஆனால் அதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். தாலி கட்டியதைப் பார்த்தவர்கள் காலமான பிறகு யார் வந்து சொல்வார்கள்? பதிவு இருந்தால் ஒரு சான்றிதழோடு முடிந்துவிடும். வயது இரண்டு பேருக்கும் 18 நிரம்பியிருக்க வேண்டும்.

கேள்வி: பொலிஸில் இரண்டு பேரும் பிரிந்து போவதாக எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டோம். விவாகரத்து ஆகிவிட்டதா?

இல்லை. பொலிஸ் புத்தகத்தில் எழுதினாலும், தலைவர் முன்னிலையில் எழுதினாலும், ஊர் கூடிப் பேசினாலும் பதிவுக் கலியாணம் முறியாது. விவாகரத்துக் கொடுக்க மாவட்ட நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. கள்ளத் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற காரணம் ஒன்றை நிரூபிக்க வேண்டும். இதற்குச் சட்டத்தரணி தேவை. அந்தத் தீர்ப்பு இல்லாமல் இன்னொரு பதிவுக் கலியாணம் செய்தால் அது செல்லாது, குற்றமும் ஆகும். நஷ்டப்படுவது இரண்டாவதாக வந்த பெண்ணும் அவள் பிள்ளைகளும்தான்.

கேள்வி: புருசன் செலவுக்குக் கொடுப்பதில்லை.

1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். நீங்கள் இப்போது குடியிருக்கும் பகுதியின் நீதிமன்றத்திலேயே போடலாம். மனைவிக்கும், 18 வயது வரை பிள்ளைகளுக்கும், தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத 25 வயது வரையான பிள்ளைகளுக்கும் கேட்கலாம். கலியாணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் கொடுக்க வேண்டும். நீதவான் உத்தரவிட்ட பணத்தைச் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்கச் செய்யவும் வழி இருக்கிறது. உத்தரவை மீறினால் மறியலுக்கு அனுப்பவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

அடி உதை இருந்தால் அது "குடும்பப் பிரச்சினை" என்று மூடி வைக்க வேண்டியதல்ல. 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டப்படி பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவானிடம் போகலாம். உங்களுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். 1938 என்பது பெண்களுக்கான உதவி இலக்கம். சாராயம் குடித்தது சட்டத்தில் அடிப்பதற்குச் சாட்டு ஆகாது.

கேள்வி: அப்பா எழுதி வைக்காமல் இறந்துவிட்டார். காணி யாருக்கு?

மலையகத் தமிழருக்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் பொருந்தாது, பொதுச் சட்டம்தான். உயில் இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. கட்டிக் கொடுத்த மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்குதான். "பொம்பளப் புள்ளைக்குச் சீர் செஞ்சாச்சு" என்று சொல்லி அவள் பங்கைச் சட்டம் அழிக்காது. இஸ்லாமியக் குடும்பங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு.

காணியும் கடனும்

ஈ.பீ.எப். பணம் வந்ததும் பலர் டவுனுக்குப் பக்கத்தில் பத்துப் பேர்ச் வாங்கப் போகிறார்கள். வாழ்நாள் உழைப்பை இழப்பதும் இங்கேதான். 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டப்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு, உறுதியாக எழுதப்பட வேண்டும். முத்திரைக் கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்தால் காணி உங்களுடையது ஆகாது. பெருந்தோட்டங்களில் லயக் காம்பராவையும் அதோடு சேர்த்துக் கட்டிய தட்டியையும் "வித்துட்டேன், வாங்கிட்டேன்" என்று எழுதிக்கொள்வதும் அப்படித்தான். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியையும் உரிய அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சட்டத்தரணி ஒருவரிடம் உறுதியைக் காட்டி, காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே காணி வங்கியில் ஈடு வைக்கப்பட்டிருக்கலாம், பங்குக்காரர் நாலைந்து பேர் இருக்கலாம். விற்கிறவர் கூட்டி வரும் நொத்தாரிசை மட்டும் நம்பாமல் நீங்களாக ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

கடனுக்குப் பிணை நிற்பது பற்றியும் ஒரு சொல். "சும்மா ஒரு கையெழுத்துத்தான் அக்கா" என்பார்கள். கடன்காரர் கட்டாவிட்டால் முழுப் பணமும் பிணை நின்றவரின் தலையில்தான். வெற்றுப் பத்திரத்தில் எவருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். அதேநேரம், கடன் கட்டப் பிந்தியதற்காக மட்டும் பொலிஸ் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. அது சிவில் வழக்கு. வீட்டு வாசலில் வந்து நின்று கெட்ட வார்த்தை பேசிப் பயமுறுத்தினால் நீங்கள்தான் பொலிஸில் முறையிட வேண்டும்.

பொலிஸ்

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டு போக வேண்டும். வாக்குமூலம் எழுதினால், உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். விளங்காததில் கையெழுத்து வேண்டாம். அரச அலுவலகங்களோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பில் உரிமை இருக்கிறது. கைது என்றால் தாமதிக்காமல் சட்டத்தரணியைத் தேடுங்கள். அடித்தார்கள், அநியாயமாக அடைத்து வைத்தார்கள் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு ஒரு மாதத்துக்குள் அறிவியுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போடவும் கெடு ஒரு மாதம்தான்.

அப்படியானால் எப்போது சட்டத்தரணி?

தொழில் அலுவலகம், பிரதேச செயலகம், பதிவாளர், மத்தியஸ்த சபை ஆகிய இடங்களுக்குச் சட்டத்தரணி இல்லாமலே போகலாம். வேலிச் சண்டை, வாய்ச் சண்டை, சின்னக் கடன் போன்றவை முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போகும். அங்கே சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேசவும் முடியாது.

கீழே உள்ளவற்றுக்கு மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் போங்கள்:

1. நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால். வாங்காமல் ஒளிந்தால் வழக்கு உங்களைக் கேட்காமலே முடியும், இல்லாவிட்டால் பிடியாணை வரும்.
2. வீட்டில் ஒருவரைக் கைது செய்தால்.
3. இன்னொரு சட்டத்தரணியிடமிருந்து உங்களுக்குக் கடிதம் வந்தால்.
4. காணி வாங்க, விற்க, ஈடு வைக்க நினைத்தால்.
5. விவாகரத்து, பிள்ளையின் பொறுப்பு பற்றிய வழக்கு என்றால்.
6. வாகன விபத்திலோ வேலை விபத்திலோ உயிரோ அங்கமோ போனால்.

காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தருகிறது, வழக்கும் பேசுகிறது. நுவரெலியா, கண்டி, பதுளை, இரத்தினபுரி முதலிய நகரங்களில் அதன் நிலையங்கள் உள்ளன. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

சட்டத்தரணியிடம் போகும்போது எது எந்தத் திகதியில் நடந்தது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொண்டு போங்கள். உண்மையை, உங்களுக்குப் பாதகமானதையும் சேர்த்து, முழுதாகச் சொல்லுங்கள். மூலப் பத்திரங்களைக் கொடுக்க வேண்டி வந்தால் போட்டோப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். மொத்தம் எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள், கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கையெழுத்து வாங்கினால் எதற்கு என்று கேளுங்கள். கோட்டு வாசலில் கையைப் பிடித்து இழுக்கும் தரகர்களைத் தாண்டி நேரே உள்ளே போங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் உள்ள பிறப்பு, கலியாண, மரணச் சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதிக் கடதாசிகள் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, ஒரு தகரப் பெட்டியில் வையுங்கள். லயத்தில் மழை ஒழுகும், தீப்பிடித்த லயங்களையும் பார்த்திருக்கிறோம். பெட்டி எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். விளங்காத கடிதம் ஏதும் வந்தால் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகாமல், அன்றைக்கே, வேலை முடிந்து வரும் வழியில், நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம்.